இரண்டு பெட்டிக்காரர்

எங்கள் ஆலையில் எல்லோரும் என்னை டோக்கன் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். டோக்கனைத் திரும்பியும் பார்க்காத ஒருவனுக்கு இந்தப் பெயரை வைத்தவன் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும்.

எங்கள் ஆலை கார்களுக்கு விளக்கு செய்யும் ஆலை. அடுத்த வருடம் ஓடப்போகும் காரின் கண் எப்படி இருக்கும் என்பது பரம ரகசியம். அதனால் கேமரா உள்ள எதுவும் வாசலைத் தாண்டக்கூடாது. வாசலில் என் கவுண்டர். எனக்குப் பின்னால் சுவர் முழுக்கப் புறாக்கூண்டு மாதிரி சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். வருகிறவர்கள் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு என்னிடம் தர வேண்டும். நான் அதைக் கூண்டில் வைத்துவிட்டு, அதே எண் போட்ட பித்தளை வில்லையை, அதாவது டோக்கனை, தர வேண்டும். சாயங்காலம் வில்லை வந்ததும் எண்ணைப் பார்த்துப் போனைக் கொடுக்க வேண்டும். பழக்கினால் ஒரு கிளி செய்துவிடும். கிளிக்குத் தலைக்கனம் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே வில்லை தேவையில்லை என்று கண்டுபிடித்துவிட்டேன். போனின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு முகம் வரும். நாக்கை நீட்டும் இரட்டைப் பெண் குழந்தைகளா, பாரம் தூக்கும் வண்டி ஓட்டுபவர். கருப்புக் கண்ணாடியோடு தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படமா, கணக்கு அதிகாரி. கேன்டீன்காரர் திரையில் ஒரு நாய். "வீட்டுக்காரம்மா படம் வைக்கலையா?" என்றேன் ஒருநாள். "கூப்பிட்டா வர்றது இதுதான்" என்றார். முகத்தைப் பார்த்தே போனை எடுத்து நீட்டுவேன். வரிசை கடகடவென்று நகரும். "டோக்கன் அண்ணன் கம்ப்யூட்டர்" என்பார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

என் போனின் திரையில் இருப்பது என்னவென்று கேட்காதீர்கள். வாங்கும்போதே அதில் இருந்த பூ. அது என்ன பூ என்றுகூடத் தெரியாது. இதுபற்றி என் மனைவிக்கு ஒரு நீண்டகால வழக்கு இருக்கிறது.

அந்தச் சுவரில் ஒரே முகம் இரண்டு கூண்டுகளில் இருந்தது. வழுக்கைத் தலை, வெள்ளைச் சட்டை, போன் கடை வாசலில் நிற்கும் ஒரு பெரியவர். இரண்டு கைகளிலும் இரண்டு போன் பெட்டிகள். லாட்டரி அடித்த சிரிப்பு. நான் மனதுக்குள் அவருக்கு இரண்டு பெட்டிக்காரர் என்று பெயர் வைத்திருந்தேன்.

ஒரு போன், விளக்குகளைப் பரிசோதிக்கும் பிரிவில் இருக்கும் அக்காக்காரியுடையது. இன்னொன்று, அச்சுப் பிரிவில் இருக்கும் அவளுடைய தம்பியுடையது. பிள்ளைகள் இரண்டு பேரும் சண்டை போடக்கூடாது என்று ஒரே கம்பெனி, ஒரே நிறம், ஒரே நாளில் வாங்கிக் கொடுத்தவர் அவர்களுடைய அப்பா. அவர் போய் ஒரு வருடம் ஆகிறது. அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. வரிசையில் அவள் நின்றால் இவன் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே பின்தங்குவான். காலையில் இருவரும் தனித்தனியாக வந்து ஒரே மனிதரை என் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவள் வைத்திருப்பது இவனுக்குத் தெரியாது, இவன் வைத்திருப்பது அவளுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். இதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவேன் என்றால், தம்பி போனுக்கு நீல உறை. அக்கா போன் வெறும் உடம்பு. இதுதான் என் விஞ்ஞானம்.

அன்று காலை தம்பி உறையைக் கழற்றிவிட்டு வந்தான்.

"இன்னிக்கு மாத்தப் போறேன்ணே. லீவு நாள்ல மதியத்துக்கே பேட்டரி செத்துடுது. ரயில்வே கேட் தாண்டி இருக்குதே பெரிய கடை, பழசைக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கலாமாம். லாக்கை எடுத்துட்டேன், எல்லாத்தையும் துடைச்சுட்டேன்." அவன் போனை ஒருமுறை கையில் புரட்டினான். "மனசே இல்லண்ணே."

"போன்தானடா, பொண்ணையா கட்டிக் குடுக்கறே" என்றேன். என் நகைச்சுவைக்கு நானே சிரித்துக்கொள்வது வழக்கம்.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் முதல் ஆளாக ஓடிவந்தான். வில்லையை நீட்டினான். நான் அதைப் பார்க்காமலேயே டப்பாவில் போட்டுவிட்டு, திரும்பி, உறையில்லாத போன் ஒன்றை எடுத்துப் பொத்தானை அழுத்தினேன். இரண்டு பெட்டிக்காரர் சிரித்தார். நீட்டினேன். அவன் பார்க்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியை உதைத்தான்.

வரிசை பாதி கரைந்தபோது அக்காக்காரி வந்தாள். அவளுக்கும் மிச்சமிருந்த இரண்டு பெட்டிக்காரரை எடுத்துக் கொடுத்தேன். நாலடி போனவள் நின்றாள். திரும்பி வந்தாள்.

"அண்ணே, இது என் போன் இல்ல."

"உங்கப்பா படம்தானேம்மா இருக்கு."

"அப்பா படம்தான். ஆனா லாக்கே கேக்காம திறக்குது. உள்ள ஒண்ணுமே இல்ல." அவள் குரல் கீழே போனது. "இது யாருது?"

சுவரைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு கூண்டும் காலி. டப்பாவைக் கவிழ்த்து வில்லைகளைப் பார்த்தேன், செத்த பிறகு நாடி பார்ப்பது மாதிரி. பித்தளை அழகாக, தெளிவாக, எந்த எண்ணுக்கு எதைக் கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"உன் தம்பியோடதும்மா."

"அவன் எதுக்கு அப்பா படத்தை..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "சரி, வீட்டுக்குத்தானே போயிருப்பான்."

நான் வாயைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடை. மாற்றுவது. துடைப்பது.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கவுண்டர் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அதுலதான் அப்பா இருக்காரு" என்றாள். "கடைசி ஆறேழு மாசம் பூரா அதுலதான் இருக்காரு. வேற எங்கயும் இல்ல."

"நெட்ல ஏத்தி வைக்கலையாம்மா?"

"இடம் இல்லன்னு வரும்ணே. 'பிறகு'ன்னு ஒரு பட்டன் இருக்கும். அதையே அமுக்கிட்டு இருந்தேன்."

அந்தப் பட்டன் எனக்கும் பழக்கம்தான். அதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

கவுண்டர் தொலைபேசியில் அவள் எண்ணை அடித்தேன். கிடைக்கவில்லை. கிடைக்காது, ஏரோப்ளேன் மோடில் போடச் சொல்லி பலகை மாட்டி வைத்திருப்பவனே நான்தான். பதற்றத்தில் தம்பியின் எண்ணை அடித்தேன். அவளுக்கு அதற்குள் என்ன தோன்றியதோ, கையிலிருந்த போனில் ஏரோப்ளேனைத் தட்டி இறக்கியிருந்தாள். அது அவள் கையிலேயே அலறியது. நான் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ தம்பி" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

காவலாளியிடம் கவுண்டரை ஒப்படைத்துவிட்டு என் ஸ்கூட்டரை எடுத்தேன். அது ஆஸ்துமா நோயாளி. மேடு என்று சொன்னாலே இருமும். பின்னால் அவள் உட்கார்ந்ததும் ஒருமுறை பெருமூச்சு விட்டுக் கிளம்பியது.

"கடை நம்பர் அதுல இருக்கும், பாரும்மா. டவர் வந்ததும் கடையிலேர்ந்து மெசேஜ் ஏதாவது வந்திருக்கும்."

அவள் தேடி எடுத்து அழைத்தாள். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் தேன் ஒழுகப் பேசியது. உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானதாம். பிறகு சங்கீதம் போட்டது. அந்தச் சங்கீதம் ஒலிக்க ஒலிக்க, பேருந்துக்கும் லாரிக்கும் நடுவில் என் வாழ்நாளில் நுழையாத சந்துகளிலெல்லாம் நுழைந்தேன்.

ரயில்வே கேட் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் யாரும் எடுக்காமலேயே சங்கீதம் அறுந்தது, கேட் மணி அடித்தது. எனக்கு முன்னால் இருந்த வண்டி போய்விட்டது. தடுப்புக் கட்டை என் மூக்குக்கு முன்னால் வணக்கம் சொல்வது மாதிரி இறங்கியது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடையின் பலகை, சாயங்கால வெளிச்சத்திலேயே, பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது. இரும்பு வேலி இல்லையென்றால் ஓடிப் போய்விடலாம்.

ரயிலைக் காணோம்.

"அவன் கேட்டான்ணே" என்றாள் முதுகுக்குப் பின்னால்.

"என்னம்மா?"

"அப்பா படமெல்லாம். காரியம் முடிஞ்ச அன்னிக்கே கேட்டான். இருந்தப்ப வராதவனுக்கு போனப்புறம் படம் எதுக்குன்னேன். எல்லாரும் இருந்தாங்க. அதோட போனவன்தான்."

அப்போது தம்பி கம்பெனியின் வெளியூர்க் கிளையில் இருந்தான். லீவு கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். போனை மாற்றிக் கொடுத்தவன் நியாயம் பேசக்கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டேன்.

"அன்னிக்கே குடுத்திருந்தா ரெண்டு இடத்துல இருந்திருக்கும்" என்றாள்.

சரக்கு ரயில் வந்தது. வேறெதுவும் வரக்கூடாதா அந்த நேரத்தில். பெட்டி, பெட்டி, பெட்டி என்று ஊரையே நகர்த்திக்கொண்டு போவது மாதிரி ஊர்ந்தது. பெட்டிகளின் இடைவெளியில் கடைப் பலகை கண் சிமிட்டியது. கண்ணாடியில் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்து தம்பியின் போனைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் துடைச்சுட்டான்னு சொன்னீங்க?"

"அப்படித்தான் சொன்னான்."

"ஒண்ணை விட்டுட்டான்."

தோளுக்கு மேல் போனை நீட்டினாள். ஹெல்மெட்டோடு கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு மின்விசிறி. அடுத்த படமும் மின்விசிறி, அதற்குக் கீழே பிறைநிலா மாதிரி ஒரு வழுக்கை. அடுத்தது பாதி நெற்றியும் ஒரு புருவமும். மூலையில் சின்னக் கட்டத்தில், ஏதோ டீக்கடை வாசலில், ஆலைச் சட்டையோடு தம்பி, ஒவ்வொன்றிலும் சிரித்துக்கொண்டு. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. மின்விசிறி, நெற்றி, மின்விசிறி, ஒரு காதும் நீல பனியனின் ஓரமும்.

"எங்க வீட்டு ஃபேன்ணே. ஒரு இறக்கை வளைஞ்சிருக்கும்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "அப்பாவுக்கு போனை நேராப் பிடிக்கத் தெரியாது. வீடியோல பேசினா நெத்திதான் தெரியும். எல்லாம் மத்தியானம். நான் ஷிப்டுல இருக்கற நேரம். தினமும் பேசியிருக்கான்."

"உங்கப்பா சொல்லலையா?"

"சொன்னா நான் இவனைத் திட்டுவேன்னு இருந்திருப்பாரு."

அப்போது அந்தப் போன் ஒரு தடவை நடுங்கிவிட்டுச் செத்தது. மதியத்துக்குச் சாக வேண்டியது, பகலெல்லாம் கூண்டில் ஓய்வாக இருந்த புண்ணியத்தில் அதுவரை தாங்கியிருந்தது. கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே அவள் உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பெட்டி போயிற்று. கட்டை எழுந்தது. என் ஸ்கூட்டர் இருமவில்லை. அதற்கும் புரிந்திருக்க வேண்டும்.

கடை வாசலில் வண்டியை நிறுத்தினேனா, போட்டேனா, நினைவில்லை. ஹெல்மெட்டின் கண்ணாடி மாட்டிக்கொண்டு மேலே போக மறுத்தது. அதே கோலத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்து கையை ஆட்டி ஏதோ உறுமினேன். கல்லாவில் இருந்த பெண் நிதானமாகக் கல்லாவை மூடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

உள் கவுண்டரில் தம்பி நின்றிருந்தான். எதிரே கடைக்காரர், கையில் போன். திரை கருப்பு. அதில் எறும்பு மாதிரி எழுத்துகள். கடைக்காரரின் கட்டைவிரல் பக்கவாட்டுப் பொத்தான் மேல் இருந்தது.

"தம்பி, இன்னும் ஒரே அமுக்கு, சுத்தமாத் துடைச்சுடும். நீ ஊம்னு சொல்லு, நான் வேற ஆளைப் பார்க்கணும்."

"இருங்க. ஒரு தடவ உள்ள போய்ப் பாத்துட்டு..."

"உள்ள போக முடிஞ்சா நான் எதுக்குய்யா கொல்லைப்பக்கமா போறேன்? லாக்கை எடுத்துட்டு வரச் சொன்னேன். எடுத்துட்டேங்கறே. இது லாக்கு கேக்குது. உன் பேட்டர்ன் போட்டா தப்புங்குது. மூளை கலங்கிப் போன போனு. துடைச்சாத்தான் எனக்கு ஆகும்."

"உள்ள ஒண்ணு விட்டு வெச்சிருக்கேன்."

"என்ன விட்டே?"

"ஃபேன் படம்" என்றான்.

கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஃபேன் படத்துக்கா கால்மணி நேரமா என்னைக் காய வைக்கிறே? எங்க கடையில மேலே நாலு ஓடுது, எடுத்துட்டுப் போ." கட்டைவிரல் நகர்ந்தது.

தம்பி சட்டென்று தன் உள்ளங்கையை அந்தப் போன் மேல் வைத்து மூடினான். அது யாருடையது என்று அவனுக்குத் தெரியாது. தன்னுடையது என்று நினைத்து மூடினான்.

"அமுக்கிடாதீங்க" என்றாள் அக்காக்காரி.

திரும்பிப் பார்த்தான். அவளை முதலில் பார்த்தான், பிறகு ஹெல்மெட்டுக்குள் இருந்த என்னை. அவள் முன்னால் வந்து, செத்துப்போன போனைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள்.

"இதுதான் உன்னுது. டோக்கன் அண்ணன் மாத்திக் குடுத்துட்டாரு."

ஹெல்மெட் கழன்றது. கழன்றிருக்கவே வேண்டாம்.

கடைக்காரர் போனை அவளிடம் கொடுக்கவில்லை. "இதை அப்படியே கையில தரக்கூடாது. எங்கயாவது பட்டா துடைச்சுடும். இருங்க." எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தாண்டி ஓர் இடத்துக்குப் போய் அழுத்தினார். திரை முழுக்க இருண்டது. கம்பெனியின் சின்னம் வந்தது. வந்தது, அங்கேயே நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த எல்லாக் கடவுளையும் கூப்பிட்டு முடித்து, தெரியாதவர்களைக் கூப்பிடத் தொடங்கியிருந்தேன்.

இரண்டு பெட்டிக்காரர் வந்தார். லாட்டரி அடித்த சிரிப்போடு.

தம்பி அந்தத் திரையைப் பார்த்தான். "நீயும் இதையா வெச்சிருக்கே" என்றான். ஒரு வருடத்துக்குப் பிறகு அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அவள் விரலால் பேட்டர்ன் போட்டாள். தப்பு என்றது. புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டாள். திறந்தது. படப் பெட்டியைத் தட்டினாள். சாம்பல் நிறக் கட்டங்களாக வந்து நின்றது. கட்டம் கட்டமாகக் காலி. பிறகு மேலிருந்து ஒவ்வொரு கட்டமாக நிறம் பிடித்தது. கட்டிலில் அவர். சவரம் செய்துகொள்ளும் அவர். தட்டை முறைக்கும் அவர். தூங்கும் அவர்.

அவள் அழவில்லை. வேகமாகப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். எதையோ தேடினாள். ஒன்றில் நிறுத்தினாள்.

"நீல பனியன் போட்ட அன்னிக்கு ஒரு படம் வெச்சிருக்கியே. நெத்தியும் காதும், ஓரத்துல பனியனும்."

"நீ எப்படிப் பாத்தே?"

"பாத்தேன். அன்னிக்கு எனக்கு வாந்தி, பாதியில வீட்டுக்கு வந்துட்டேன். கதவாண்ட நின்னு எடுத்தேன். காதுல அந்த வயரை மாட்டிக்கிட்டு அவர் பாட்டுக்குச் சிரிச்சுட்டு இருந்தாரு. காமெடி பாக்கறாருன்னு நெனச்சேன்டா."

போனை அவன் பக்கம் திருப்பினாள். நானும் எட்டிப் பார்த்தேன், வெட்கம் கெட்டவன். நீல பனியன் போட்ட பெரியவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். இரண்டு கையாலும் ஒரு போனை முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி நெற்றிக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். கண் இடுங்கி, வாய் திறந்து, பல்லில்லாத இடமெல்லாம் தெரிய, முழு முகமும் சிரித்துக்கொண்டிருந்தது.

தம்பி அதை வாங்கவில்லை. மேசையில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, முகத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"சிரிச்சிருக்காரு" என்றான். "எனக்கு சத்தம் மட்டும்தான் கேக்கும்."

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "இப்ப எது எக்ஸ்சேஞ்சு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பார்த்தது மேலே ஓடிய மின்விசிறியை.

"அந்தச் செத்ததை இப்படிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அவரே ஒரு சார்ஜரைச் செருகினார். வயர் முழங்கை நீளம்கூட இல்லை. இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் படம் போகும், நகர்த்தினால் அறுந்துவிடும் என்றார். அதனால் அக்காவும் தம்பியும் அந்த மூலையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. திரையில் நீலக்கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. சரக்கு ரயில் தேவலை.

"கொஞ்சம் தள்ளேன்" என்றாள் அக்கா.

"எங்க தள்றது, வயர் இவ்வளவுதான் இருக்கு."

"சின்ன வயசுலயும் இப்படித்தான் இடிப்பே."

"நீ மட்டும்?"

நான் மெல்ல வெளியே வந்தேன். படியில் உட்கார்ந்து என் போனை எடுத்தேன். பெயர் தெரியாத பூ. வீட்டுக்காரி நாலுமுறை அழைத்திருந்தாள். படப் பெட்டியைத் திறந்து அவள் முகத்தைத் தேடினேன். இருந்தது, ஆனால் எல்லாவற்றிலும் என் கட்டைவிரல் பாதி முகத்தை மறைத்திருந்தது. ஊரார் முகத்தையெல்லாம் மனப்பாடம் செய்தவன் எடுத்த படங்கள்.

அவளை அழைத்தேன்.

"எங்க இருக்கீங்க? சோறு ஆறுது."

"வீடியோல வாயேன்."

"எதுக்கு? குடிச்சிருக்கீங்களா?"

"வாயேன்."

வந்தாள். திரையில் எங்கள் வீட்டு மின்விசிறியும், அதற்குக் கீழே அவளுடைய பாதி நெற்றியும்.

"போனைக் கொஞ்சம் இறக்கிப் பிடி" என்றேன்.